ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக் கண்காட்சி குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு தஹோமி அரசின் பெண்கள் படையை எடுத்திருக்கிறார்கள். பாடத்தில் இல்லாதது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். அடிமை வியாபாரத்தையெல்லாம் இந்த வயதில் சொல்லத்தான் வேண்டுமா என்றும் ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விகள்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டின் தென்பகுதியில், அபோமேயைத் தலைநகராகக் கொண்டு ஃபோன் மக்கள் ஆண்ட அரசு அது. அரண்மனைக் காவலுக்கு இருந்த பெண்களை, 1818 முதல் 1858 வரை ஆண்ட கெஜோ மன்னர் பெரும் படையாக்கினார். அகோஜியே என்று பெயர். முறைப்படி அவர்கள் மன்னரின் மனைவியர். வேறு திருமணமோ பிள்ளைப்பேறோ கிடையாது. 1861-இல் அபோமே சென்ற இத்தாலியப் பாதிரியார் போர்கேரோ அவர்களுடைய பயிற்சியை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: உயரமாகக் குவித்த முள்வேலியின் மேல் வெறுங்காலோடு ஏறி, ரத்தம் வழிய மறுபக்கம் குதிக்கிறார்கள். முந்தியவர்களுக்குப் பரிசு, முள்ளாலேயே செய்த இடுப்புவார்! (பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; வீட்டில் முயன்று பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பிள்ளைகள் முதலில் எழுதிய அட்டைகளில் வீரம் மட்டுமே இருந்தது. வரலாற்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் அவர் பக்கம்தான். இந்தப் படை அக்கம்பக்கத்து ஊர்களைத் தாக்கி ஆட்களைச் சிறைபிடித்தது. அவர்களில் பலர் ஊய்தா துறைமுகம் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து விற்கப்பட்டார்கள்; துப்பாக்கியும் வெடிமருந்தும் அந்த வியாபாரத்தில் வந்தவை. பிடிபட்ட பெண்களில் சிலர் அதே படையில் சேர்க்கப்பட்டதும் உண்டு. 1851-இல், இன்றைய நைஜீரியாவிலுள்ள அபெயோகுட்டா நகரைத் தாக்கிய தஹோமிப் படை பலத்த இழப்போடு திரும்பியது. அந்தத் தோல்வியும் அட்டையில் இருக்கிறது.

1892-இல் பெஹான்சின் மன்னருக்காக இதே பெண்கள் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றார்கள். புதுரகத் துப்பாக்கிகளுக்கும் துப்பாக்கிமுனைக் கத்திகளுக்கும் முன்னால் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். நவம்பரில் அபோமே வீழ்ந்தது. 2022-இல் பெனின் நாட்டின் கோட்டோனூ நகரில் அவர்கள் நினைவாக 30 மீட்டர் உயரச் சிலை திறக்கப்பட்டது.

கண்காட்சி வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு. நாடகத்துக்கு அட்டையில் செய்த துப்பாக்கி போதும், கடையில் வாங்க வேண்டாம். அட்டைகளைப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடமே கேள்வி கேளுங்கள். பதிலுக்குத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்