வாடகை அறைகளுக்கு எரிபொருள் கலம் வரட்டும், முதலில் மீற்றரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானில் வீடுகளுக்கு வைக்கிற சின்ன எரிபொருள் கலங்களை இங்கேயும் கொண்டுவந்து, பலர் சேர்ந்திருக்கும் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் பொருத்தினால் கரண்ட் பில்லும் குறையும், காபனும் குறையும் என்று கிளிநொச்சிப் பக்கம் சிலர் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் வயறிங் வேலையும் சோலார் பொருத்துகிற வேலையும் செய்கிறவன். அந்தக் கருவியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, உண்மையில் நல்ல கருவிதான். ஆனால் எங்கள் வாடகை அறைகளின் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கதைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐதரசனும் ஒட்சிசனும் எரியாமல், இரசாயன முறையில் சேர்கின்றன. மின்சாரம், சூடு, தண்ணீர் மூன்றும் வெளியே வருகின்றன. 1839இலேயே வில்லியம் குரோவ் செய்து காட்டிய விடயம் இது, சந்திரனுக்குப் போன அப்பலோ விண்கலங்களில் மின்சாரத்தையும் குடிதண்ணீரையும் இதுதான் கொடுத்தது. ஜப்பானில் 2009இல் எனே-ஃபாம் என்ற பெயரில் வீட்டுக்கு வைக்கிற கலம் விற்பனைக்கு வந்தது, ஏறக்குறைய 700 வாற்று. 2014இல் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்ற மாதிரி, வாசலுக்குப் பக்கத்தில் குழாய்கள் போகிற இடுக்குக்குள் அடங்கும் அளவிலும் செய்தார்கள். இன்று இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. இதெல்லாம் சரி.

ஆனால் அந்தக் கலத்துக்குள் ஐதரசன் போத்தலில் வருவதில்லை. நகரத்துக் குழாய் வாயுவோ, நாங்கள் சமைக்கிற காஸோ உள்ளே போகிறது, பெட்டிக்குள் அதைப் பிரித்து ஐதரசன் எடுக்கிறார்கள், மிச்சம் காபனீரொட்சைட்டாக வெளியே போகிறது. பிறகு அது இலாபமாவது எப்படி? சூட்டால்தான். போகிற காஸின் சக்தியில் நூற்றுக்கு நாற்பது அளவு மின்சாரமாகிறது, இன்னொரு பாதியைச் சுடுதண்ணீராகத் தொட்டியில் பிடித்துவைக்கிறார்கள். இரவு தொட்டி நிறையச் சுடுதண்ணீரில் இறங்கிக் குளிக்கிற நாட்டில் அந்தப் பாதி தங்கம். பரந்தனில் சித்திரை வெயிலில் யாருக்கு வேண்டும்? இங்கே பத்து மணிக்கே தாங்கித் தண்ணீர் கொதித்துப்போய், குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகுதான் குளிக்கலாம். ஆக, அந்தக் கருவியின் பாதிப் பயனை முற்றத்தில் ஊற்றிவிட்டுத்தான் நாங்கள் மிச்சத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பார்ப்போம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 160 யூனிற் அளவு சக்தி இருக்கிறது. நூற்றுக்கு 38 மின்சாரமாகிறது என்று வைத்தால் 60 யூனிற். இன்றைக்குக் கடையில் சிலிண்டர் என்ன விலையோ அதை அறுபதால் வகுத்துப் பாருங்கள், அதுதான் ஒரு யூனிற்றின் விலை, கலத்தின் விலையைச் சேர்க்காமலே. ஆறு அறை உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு மாதம் 240 யூனிற் என்றால் நான்கு சிலிண்டர். 2022இல் ஒரு சிலிண்டருக்காக விடியப் புறம் வரிசையில் நின்றவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காபனும் குறையாது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ காபனீரொட்சைட்டு, ஒரு சிலிண்டருக்கு 37 கிலோ. அறுபது யூனிற்றுக்கு 37 கிலோ என்றால் யூனிற்றுக்கு 600 கிராம். நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது நல்லது, அங்கே ஏறக்குறைய ஒரு கிலோ வரும். ஆனால் எங்கள் கம்பியில் நிலக்கரி மட்டும் ஓடவில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி நீர், காற்று, சூரியன். அப்படிப் பார்த்தால் சூட்டை வீணாக்கிற காஸ் கலம் மின்சார சபையின் கம்பியை விடச் சுத்தம் என்று சொல்ல வழியில்லை. ஜப்பான் கணக்கு ஜப்பானுக்குத்தான் சரி.

இன்னொரு விடயம் வேலை செய்கிறவர்களுக்கு உடனே விளங்கும். 700 வாற்று என்பது நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் மாதம் 500 யூனிற், எந்த வாடகை வீட்டுக்கும் மிச்சம். ஆனால் காலை ஆறரைக்கு ஒரு அயன் போட்டாலே 1000 வாற்று. பக்கத்து அறையில் கரண்ட் கேத்தில், அடுத்த அறையில் றைஸ் குக்கர். கலம் திணறும். அதை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டால் ஆயுளும் குறையும், ஒரே சீராக ஓடுவதுதான் அதற்குப் பிடிக்கும். ஆகவே மின்சார சபையின் கம்பியும் வேண்டும், அல்லது பெரிய பற்றறியும் வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். வன்னியில் சேர்ந்து வாழ்வது என்றால் அடுக்குமாடி இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்கு வந்த பிள்ளைகள், ஆடைத் தொழிற்சாலைக்கு முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்து தங்கியிருக்கிற பெண் பிள்ளைகள், இடமாற்றம் கிடைத்து வந்த ஆசிரியர்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டுக்குப் பின்னால் நான்கு அறை இழுத்து, தகரம் போட்டு, ஒரு கிணறு, ஒரு மலசலகூடம், ஒரு மீற்றர். அந்த ஒரு மீற்றரில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு விலை, அதைத் தாண்டினால் வேறு விலைப்பட்டியல், 180ஐத் தாண்டினால் மேலதிக ஒவ்வொரு யூனிற்றும் ஆக உயர்ந்த விலை. நிலையான கட்டணமும் கூடவே ஏறும். ஏழைக்குக் குறைவாகவும் வசதிக்காரருக்குக் கூடவும் என்ற நல்ல நோக்கத்தில்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் ஒரு மின்விசிறியும் ஒரு மின்குமிழும் ஒரு குக்கரும் வைத்திருக்கிற ஒரு பிள்ளை மாதம் 40 யூனிற் எரிக்கிறாள் என்று வையுங்கள். தனி மீற்றர் இருந்தால் அவள் ஆகக் குறைந்த பட்டியலுக்குள். அதே போல ஆறு பேர் ஒரே மீற்றரில் இருந்தால் 240, குளிரூட்டி வைத்த மாடி வீட்டுக்காரர் கட்டுகிற விலையை இவர்கள் ஆறு பேரும் கட்டுகிறார்கள்! இதில் சில வீட்டுக்காரர் யூனிற்றுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு விலை வைத்து வாங்குவதும் உண்டு, அது வேறு கதை. கடையில் விற்கிற சின்ன மீற்றரை அறைக்கு அறை பூட்டித் தருகிறேன், பல வீடுகளில் செய்திருக்கிறேன், ஆனால் அதனால் பங்கு பிரிப்பது நியாயமாகுமே தவிர படி இறங்காது.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. மின்கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஒரு விதி போட்டால் போதும்: வாடகைக்கு இத்தனை அறை, இத்தனை குடியிருப்பாளர் என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்தினால், படிகளின் எல்லையை அந்த எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கிட வேண்டும். ஆறு அறைக்கு 60 என்பது 360 ஆகும். பொய்க் கணக்குக் கொடுப்பார்கள் என்பார்கள். கொடுப்பார்கள்தான். முன்பு சமுர்த்திக்கும் பொய்க் கணக்கு வந்தது, இப்போது அஸ்வெசுமவுக்கும் வருகிறது, அதற்காக ஏழைகளுக்கான அரச உதவியை யாரும் நிறுத்தவில்லையே.

அடுத்தது கூரை. இங்கே ஒரு கிலோவாற்று சோலாருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிற் எதிர்பார்க்கலாம், மாதம் 120. இரண்டு கிலோவாற்று போட்டால் 240, நான் சொன்ன ஆறு அறை வீட்டின் முழுத் தேவை. நெற் மீற்றரிங் முறையில் கூரையிலிருந்து நாங்கள் கம்பிக்குக் கொடுத்த யூனிற்றுகளைக் கழித்துவிட்டுத்தான் பில் வரும். அப்படிக் கழியும்போது முதலில் போவது ஆக உயர்ந்த விலையில் இருக்கிற யூனிற்றுகள். 240இல் 180 கழிந்தாலே மிச்சம் 60, பில் ஒரேயடியாகக் கீழ்ப் பட்டியலுக்கு விழுகிறது. தனி வீட்டுக்காரர் ஒருவருக்குக் கிடைக்கிற இலாபத்தை விட, ஒரே மீற்றரில் நெருக்கிக்கொண்டிருக்கிற வாடகை வீட்டுக்கு இது கூட. ஆனால் கூரை வீட்டுக்காரருடையது, பில் குடியிருப்பவருடையது. தான் காசு போட்டு யாரோ ஒருவருடைய பில்லைக் குறைக்க அவருக்கு என்ன பைத்தியமா? வாடகை ஒப்பந்தத்திலேயே மீதமாகும் காசில் அவருக்கு ஒரு பங்கு என்று எழுதினால் அவரும் வருவார். கூட்டுறவுச் சங்கங்கள் அதற்குக் கடன் கொடுக்கலாம், எங்கள் பக்கத்தில் அந்தச் சங்கங்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

இரவுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் மின்சாரம் கூடிப்போய், கூரைச் சோலாரைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தச் சொன்னார்கள். அதே நாட்டில் இரவு ஏழு மணிக்கு எண்ணெய் எரிக்கிறார்கள். அந்தப் பகல் மிச்சத்தை ஐதரசனாக்கி வைத்து இரவில் எரிபொருள் கலத்தால் திரும்ப எடுக்கலாம், இதைத்தான் பச்சை ஐதரசன் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். ஒரு கிலோ ஐதரசன் எடுக்கத் தண்ணீரைப் பிரிப்பதற்கு 50 யூனிற்றுக்கு மேல் போகும், கலத்தில் போட்டுத் திரும்ப எடுத்தால் 16, 17 யூனிற் வரும். மூன்றில் ஒன்று. நல்ல லிதியம் பற்றறியில் பத்துப் போட்டால் எட்டரை, ஒன்பது திரும்ப வரும். ஓர் இரவைக் கடத்துவதற்குப் பற்றறிதான். கார்த்திகை, மார்கழி மழையில் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்போது ஐதரசனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு வாயுவை அமுக்கி வைக்கிற தாங்கியை ஒரு வாடகை வீட்டு முற்றத்தில் வைப்பது பற்றி யோசியுங்கள். நிறமில்லை, மணமில்லை, காற்றில் நூற்றுக்கு நான்கு கலந்தாலே பற்றக்கூடியது. 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளுக்குப் பிறகு சிலிண்டரையே வீட்டுக்கு வெளியே தூக்கி வைத்தவர்கள் நாங்கள்.

சாணம் இருக்கிறதே, அதிலிருந்து வாயு எடுத்துக் கலத்துக்குக் கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. ஆனால் எங்கள் பட்டி மாடுகள் பகலில் மேயப் போய்விடும், இரவு அடைக்கும்போது விழுவதுதான் கைக்கு வரும். மாட்டுக்கு ஐந்து கிலோ என்று வைத்தால் முப்பது மாட்டில் 150 கிலோ, அதில் ஆறு கன மீற்றர் வாயு. கலத்தில் போட்டால் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிற் கிடைக்கும், ஆனால் அதற்கு முன் அந்த வாயுவில் கலந்து வருகிற ஐதரசன் சல்பைட்டைக் கொஞ்சமும் இல்லாமல் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கலத்துக்குள் இரசாயன வேலையை நடத்துகிற பிளாற்றினம் செயலிழந்துவிடும். அதே வாயுவை நேராக அடுப்பில் எரித்தால் மூன்று குடும்பத்தின் சமையல் முடிந்தது, வடிகட்டத் துருப்பிடித்த இரும்புத் தூள் போதும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதுவும் விதைப்புக் காலத்தில் மாடுகளைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள், மேய்ச்சல் தரை இல்லாத பிரச்சினை தீராமல் சாணத்தை நம்பி மின்சாரம் திட்டமிட முடியாது.

எரிபொருள் கலம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூடும் வேண்டும், இரவு பகல் ஒரே சீராக மின்சாரமும் வேண்டும் என்ற இடத்தில் அது பொருந்தும். வைத்தியசாலை அப்படியான இடம்: சுடுதண்ணீர், துணி வெளுப்பு, ஒரு நிமிடமும் நிற்கக்கூடாத கருவிகள். நூற்றுக்கணக்கில் சமைக்கிற பல்கலைக்கழக விடுதிச் சமையலறையும் ஓரளவுக்கு. அரிசி ஆலையைச் சொல்வீர்கள், நெல் அவிக்கச் சூடு வேண்டும்தான், ஆனால் அங்கே உமி மலையாகக் கிடக்கிறது, காஸ் வாங்கிச் சூடாக்க அவர்களுக்கு என்ன தலைவிதி?

வன்னிக்குச் சின்ன மின்சாரம் புதிதில்லை. போர்க்காலத்தில் கம்பியே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம். புதிய கருவியைக் கண்டு பயப்படுகிறவர்கள் என்று எங்களை யாரும் நினைக்க வேண்டாம். பயம் வேறு: யாரோ கொண்டுவந்து படம் பிடித்து, பலகை வைத்து, திறந்துவைத்துவிட்டுப் போன பிறகு ஒரு பாகம் பழுதானால் ஜப்பானிலிருந்து வரும்வரை அது கோழிகள் ஏறி இருக்கிற பெட்டியாகிவிடும், திட்டத்தின் செலவை மட்டும் அறைக்காரர் வாடகையில் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே யாரிடமாவது ஒரு கலம் வாங்கக் காசு இருந்தால், வாடகை வீட்டில் வேண்டாம், அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தின் விடுதிச் சமையலறைக்குப் பக்கத்தில் வையுங்கள். பழுது பார்க்கப் படிக்கிற பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். மாதம் எத்தனை சிலிண்டர் போனது, எத்தனை யூனிற் வந்தது, எவ்வளவு சூட்டைப் பயன்படுத்தினார்கள், எத்தனை நாள் நின்றது என்ற நான்கு கணக்கையும் உங்கள் பத்திரிகையில் போடட்டும். இரண்டு மாரி போகட்டும், பிறகு கதைப்போம். அதுவரைக்கும் ஆணைக்குழு அடுத்த கட்டணத் திருத்தத்துக்கு மக்களின் கருத்துக் கேட்கும்போது, ஒரு மீற்றரில் ஆறு குடித்தனம் என்ற விடயத்தை அறைகளில் இருக்கிற நீங்களே எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்.

இங்ஙனம்,
மின்வேலை செய்யும் வாசகர்,
பரந்தன்.