சிட் பாரெட்டுக்குப் பைத்தியக்காரப் பட்டம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் முதல் பாடகர் சிட் பாரெட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராக் இசைக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ராப் சாப்மன் 2010-ல் எழுதிய பாரெட்டின் வாழ்க்கை வரலாறு ரசிகர்களை ஏமாற்றிவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏமாந்தது ஒரு பகுதி ரசிகர்கள்தான். அவர்கள் எதை இழந்ததாக வருந்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

எண்பதுகளில் திருச்சியில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தேன். ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் பிங்க் ஃப்ளாய்ட் கேட்டு வருவார்கள். பதிந்து முடியும்வரை கவுண்டரில் சாய்ந்துகொண்டு பாரெட் கதை ஓடும். மாண்ட்ராக்ஸ் என்ற தூக்க மாத்திரையைப் பொடித்து, பிரில்கிரீம் என்ற தலைக்கிரீமில் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு மேடையேறினாராம். விளக்குச் சூட்டில் அது உருகி முகமெல்லாம் வழிந்ததாம். லண்டனில் நடந்தது என்பான் ஒருவன், அமெரிக்காவில் என்பான் இன்னொருவன். இங்கிலாந்திலும் இதே கூத்துதான். சாப்மன் இந்த மாதிரிக் கதைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, யார் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா என்று கேட்கிறார். பல கதைகள் அந்தக் கேள்வியைத் தாங்கவில்லை. சிலருக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

நான் பாரெட்டை நேசிப்பது அவருடைய பாட்டுக்காக. கண்ணாடி வட்டங்கள் ஒட்டிய ஃபெண்டர் எஸ்க்வையர் கிட்டார், அதன் கம்பிகள்மேல் சிகரெட் லைட்டரை வைத்து இழுத்து, எக்கோ (எதிரொலி) கருவி வழியாக அனுப்புவார். விண்வெளியிலிருந்து வருவது போல ஒரு சத்தம். 1967-ல் வந்த ‘தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ என்ற முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. அப்போது வயது இருபத்தொன்று. அந்த வரிகள் போதையில் உளறியவை என்றே பலரும் சொல்லி வந்தார்கள். சாப்மன் அவற்றை எட்வர்ட் லியரின் வேடிக்கைக் கவிதைகள், ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள் இவற்றோடு பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். பெரிய ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதைக்கே மெட்டமைத்தவர் பாரெட். படித்த பையன், தெரிந்துதான் எழுதியிருக்கிறான். புத்தகத்தில் இந்தப் பகுதி நீளம் என்று சில ரசிகர்கள் குறைபட்டார்கள். எனக்கு அதுதான் உயிர்ப்பகுதி.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுக்கதைகளை உடைக்கிற வேகத்தில் சாப்மன் அந்த மனிதர் பட்ட வேதனையையும் சற்றுக் குறைத்துவிடுகிறார். 1967 கடைசியில் மேடையில் கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசிக்காமலே நின்றார். மறு ஏப்ரலில் குழுவிலிருந்து விலகிவிட்டார். 1975 ஜூனில், குழு பாட்டுப் பதிந்துகொண்டிருந்த லண்டன் அபி ரோடு ஸ்டூடியோவுக்குள் உடல் பெருத்து, தலையும் புருவமும் மழித்து வந்து நின்றபோது பழைய நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தின் பங்கு இதில் சின்னது என்றால் நம்ப முடியவில்லை. இதைச் சொல்கிற ரசிகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவருடைய தங்கை ரோஸ்மேரி சொல்வதைக் கேட்டபிறகும் பைத்தியக்காரர் என்ற பழைய பட்டத்தையே பிடித்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்? பாரெட் கேம்பிரிட்ஜ் வீட்டில் ரோஜர் என்ற சொந்தப் பெயரோடு ஓவியம் வரைந்தார், தோட்டம் போட்டார், கடைக்கு சைக்கிளில் போனார். வரைந்து முடித்த ஓவியங்களைத் தானே எரித்தும் விட்டார். யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக் கதவை முன்பின் தெரியாத ஆட்கள் வருடக்கணக்கில் தட்டினார்கள். பேட்டி கொடுக்காதவரை மர்ம மனிதர் ஆக்கியது நாம்தான். 2006 ஜூலையில் அவர் இறந்தபிறகு, வீட்டில் இருந்த சைக்கிள், நாற்காலி, புத்தகம் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. தொகை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. பணம் கலை மாணவர்களின் உதவித்தொகைக்குப் போனது என்பதில்தான் எனக்கு ஆறுதல்.

கட்டுரையோடு நீங்கள் போட்ட படம், முதுமையில் அவர் தெருவில் போகும்போது அனுமதி இல்லாமல் எடுத்தது. பார்த்ததும் மனம் கசந்தது. அடுத்த முறை 1967-ல் அவர் கிட்டாரோடு நிற்கும் படத்தைப் போடுங்கள். அப்புறம், அந்த முதல் ஆல்பத்தைப் பற்றியும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

— முன்னாள் கேசட் கடைக்காரர், திருச்சி