கயலுக்கு, கடலில் இறங்கும் முன்

அன்புள்ள கயல்,

நீ மெக்சிகோவில் இருக்கும் புவெர்த்தோ எஸ்கோந்தீதோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது. போய்வா. தடுக்க எழுதவில்லை. எங்கள் கப்பல் சலீனா குரூஸ் துறைமுகத்தில் நின்ற காலத்திலிருந்து அந்தப் பக்கத்துக் கடல் எனக்குப் பழக்கம், அதனால் எழுதுகிறேன்.

சிக்காத்தேலா கடற்கரையில் தண்ணீரில் இறங்காதே. எங்கெங்கிருந்தோ அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வரும் அலை அது. கரைக்குப் பக்கத்திலேயே உடைந்து மணலில் அறையும், திரும்பும் நீர் நன்றாக நீந்துகிறவர்களையே இழுத்துப் போய்விடும். ஹார்பர் குளத்தில் முதல் பரிசு வாங்கியவள் நீ, இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது குளம். குளிக்க ஆசையாக இருந்தால் கர்ரிசலீயோவுக்குப் போ. நிறையப் படி இறங்க வேண்டும், ஆனாலும் குடாவுக்குள் தண்ணீர் அடங்கியிருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் எங்கேயும் வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியே வா.

வஹாக்கா நகரிலிருந்து வண்டியில் வருவதானால் 2024 பிப்ரவரியில் திறந்த புதுச் சாலையில், பகலில் வா. பழைய மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் ஆகும், கொடைக்கானலில் நீ பட்ட பாடு மறந்திருக்காது. பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா காலாவதியாகாமல் இருந்தால் மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். தேதியை இன்றே பார். ஏடிஎம்மில் டாலராக மாற்றிக் கணக்குப் போடவா என்று கேட்டால் மறுத்துவிட்டு, பெசோவிலேயே எடு. குழாய்த் தண்ணீர் குடிக்காதே.

சாப்பாட்டில் கவனம். த்லாயூதா என்று பெரிய சோள அடை தருவார்கள், அதில் பன்றிக் கொழுப்பு தடவுவது அங்கே வழக்கம். 'சின் ஆசியெந்தோ' என்று சொன்னால் தடவாமல் கொடுப்பார்கள். பீன்ஸிலும் கொழுப்பு இருக்கலாம், 'சின் மந்தேகா' என்று சொல்லிவை. மெரினாவில் போலவே மாங்காயில் மிளகாய்ப் பொடி தூவி விற்பார்கள், அதை நீ விடமாட்டாய்.

நீ கடைக்குள் நுழைந்ததும் நேரே விலை கேட்பவள். அங்கே அது மரியாதை இல்லை. முதலில் 'புவெனோஸ் தியாஸ்', மதியத்துக்கு மேல் 'புவெனாஸ் தார்தெஸ்', அப்புறம்தான் மற்றது. சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக வராது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் விரட்டுவது போலாகும் என்று நினைப்பார்கள், அதனால் நீதான் 'லா குவெந்தா' என்று கேட்க வேண்டும். பத்திலிருந்து பதினைந்து சதவீதம் டிப்ஸ் வை. நீச்சல் உடையோடு ஊருக்குள்ளோ கோயிலுக்குள்ளோ போகாதே. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதே.

மனியால்தெபெக் காயலில் நிலா இல்லாத இரவில் கை வைத்தால் தண்ணீர் ஒளிரும். படகில் போய்ப் பார். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதே. அது காயல், பரவாயில்லை. சிக்காத்தேலாதான் கூடாது.

தனியாகவா போகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. கூட யார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இருட்டிய பிறகு கடற்கரையில் தனியே நடக்காதே. அவசரத்துக்கு அங்கேயும் 911தான். இதைக்கூட எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ போனை எடுத்தால் ஏன் எழுதப்போகிறேன்? நவம்பருக்குப் பிறகு உன் குரலையே கேட்கவில்லை, கயல்.

பாத்திரங்களை எல்லாம் அவர்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பியாயிற்று. பெரிய அத்தையிடமும் பேசிவிட்டேன். சித்திரையில் ஊருக்கு வா. கேட்க வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அப்பா