நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது

அன்பு மகளுக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, எனக்கு நெஞ்சுவலி இல்லை, கடையில் யாரோடும் தகராறு இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மாடி. போன வாரம் மூன்று நாள் நீ எதையெல்லாம் நினைத்துப் பயந்தாய் என்று உன் அத்தை சொல்லக் கேட்டேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஷார்ஜா போய்ச் சேர்ந்த களைப்பும் தீராமல், தூங்காமல் கிடந்திருக்கிறாய். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். பேசும்போது நீ அழுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

எல்லாம் ஒரு 4,200 ரூபாயில் தொடங்கியது. கம்பத்தில் நாம் அரிசி வாங்கும் வியாபாரிக்குக் கடையிலிருந்தே யுபிஐயில் அனுப்பினேன். யுபிஐயின் ரகசியப் பின் எண்ணைப் போட்டேன், திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வங்கியிலிருந்து பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. வியாபாரியோ வரவில்லை என்கிறார்.

கம்பம்மெட்டில் நம் கடை இருக்கும் இடம் உனக்குத் தெரியும். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் நம் வாசலில் நின்றுதான் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போகின்றன. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று என்னவென்றால், என் அலைபேசியும் ஒரு நாளில் இருபது முறை எல்லை தாண்டிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நின்றால் தமிழ்நாட்டு டவர், அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் பின்கட்டுக்குப் போனால் கேரள டவர். அலைபேசி நிறுவனம் ஒன்றாகவே இருந்தாலும் அதன் கணக்கில் தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், கேரளம் வேறு வட்டம். என்னுடைய சிம் தமிழ்நாட்டு வட்டத்தில் வாங்கியது. கேரள டவரைப் பிடிக்கும்போது அது விருந்தாளி. மேலே கோடுகளுக்குப் பக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து முளைக்கும். அந்த நேரத்தில் ரோமிங் டேட்டா, அதாவது வேறு வட்டத்து டவரில் இணையம் பயன்படுத்தும் வசதி, அணைந்திருந்தால் சாதாரணமாகப் பேச முடியும், இணையம் மட்டும் நின்றுவிடும்.

அதை அணைத்தது யார் தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஷார்ஜாவுக்கு வந்தபோது, "ரோமிங்கை அணைத்துவிடுங்கள் அப்பா, பில் ஏறிவிடும்" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். வெளிநாட்டில் அது ஏறும். ஊருக்குத் திரும்பிய பிறகு அதை மறுபடி இயக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லாத திட்டம்தான் என்னுடையது. ஆனாலும் இரண்டு வருடமாக, உள்ளே வந்தால் இணையம் போய்விடுகிறதே என்று கடையின் தகரக் கூரைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். சாவடிக்கு அந்தப் பக்கம் அலைபேசி பழுதுபார்க்கும் சேட்டனிடம் காட்டியபோது அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். டவர் கிடைக்காததை அவர்கள் "ரேஞ்ச் இல்லா" என்பார்கள் அல்லவா, "ரேஞ்ச் உண்டு, நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்" என்றார். அந்த 4,200 ரூபாயும் அப்படித்தான் வழியில் நின்றது. பின் எண்ணைப் போட்டுவிட்டு மூட்டை எண்ணப் பின்கட்டுக்குப் போனேன். டவர் மாறியது, பதில் வந்து சேரவில்லை.

இது அப்போதே தெரிந்திருந்தால் பேசாமல் ஒரு நாள் காத்திருப்பேன். தெரியாததால் வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். நல்ல தமிழில், "ஐயா, பதறாதீர்கள்" என்று ஒருவன் பேசினான். என் திரையை அவன் பார்ப்பதற்கு ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பிறகு 4,200 என்று தட்டிப் பின் எண்ணைப் போட்டால் பணம் திரும்பிவிடும் என்றான். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பணம் வாங்குவதற்கு எதற்குப் பின் எண்? முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். எனக்கு வரவேண்டிய காசை வாங்க என் கல்லாவின் சாவியை ஒருவன் கேட்டால் அவன் யார் என்று தெரியாதா? இணைப்பைத் துண்டித்துவிட்டேன். நல்லவேளை, செயலி இறங்கி முடிந்திருக்கவில்லை. அவனுக்கு ஒரு ரூபாயும் போகவில்லை.

ஆனால் கை நடுங்கிவிட்டது அம்மாடி. அன்றைக்கே இணையத்தை முழுவதுமாக அணைத்தேன். தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். எது என்ன கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்துவது என்றும் வைத்துக்கொண்டேன். உன்னைத் தவிக்க வைத்தது அந்தப் பயம்தான்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் வராமல் போனது இதனால். உன் பக்கம் ஒற்றை டிக் மட்டும் நின்றிருக்கும். என் அலைபேசிக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. பிறகு நீ தோழியின் எண்ணிலிருந்து நேராகவே கூப்பிட்டாய். 971 என்று தொடங்கும் தெரியாத எண். நான்கு முறை அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. அதை எழுதவே எனக்கு மனம் கூசுகிறது.

மூன்றாம் நாள் இரவு அம்மா சண்டை போட்டு இணையத்தைப் போடச் சொன்னாள். போட்ட கொஞ்ச நேரத்தில் உன் அழைப்பு வந்தது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல்பதிவும் போகும், அழைப்பு மட்டும் போகாது, அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச வேண்டும் என்று நீதான் வேறொன்றை என் அலைபேசியில் வைத்துவிட்டுப் போனாய். பிரசவத்துக்கு வந்து ஏழு மாதம் நீ இங்கேயே இருந்ததால் அதை யாரும் திறக்கவில்லை. பல மாதம் தொடாமல் கிடக்கும் செயலியிடமிருந்து கொடுத்த அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒலிவாங்கி, கேமரா எல்லாம். பாதுகாப்புக்காகச் செய்வது, குறை சொல்ல முடியாது. அழைப்பை எடுத்ததும் அது மறுபடி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. நான் வைத்திருந்த முடிவின்படி வேண்டாம் என்று அழுத்தினேன்.

உன் குரல் வந்தது. "அப்பா, அப்பா, பேசுங்கள் அப்பா" என்றாய். குழந்தை அழுவதும் கேட்டது. நான் பேசினேன், கத்தினேன், அம்மாவும் கத்தினாள். உனக்கு எதுவுமே கேட்கவில்லை. நீ அழுதுகொண்டே வைத்தாய். அதற்குப் பிறகுதான் அத்தையைக் கூப்பிட்டாய். அவள் பேரன் இரவு பத்து மணிக்குச் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான்.

மறுநாள் சேட்டன் எல்லாவற்றையும் சரி செய்து கொடுத்தார். ஆனால் அவர் செய்தவற்றில் பெரியது எது என்று கேட்டால், அலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியதைத்தான் சொல்வேன். அமைப்புகளுக்குள் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்காக விரலை வைத்துக் காட்டினார். இப்போது அது கேட்பதை நான் படிக்கிறேன். "ஒலிப்பதிவு செய்ய அனுமதிக்கவா" என்று உன் அழைப்பின்போது கேட்டால் அனுமதிக்கலாம், உன்னோடு பேச அது வேண்டும். அதையே ஒரு டார்ச் விளக்குச் செயலி கேட்டால் கொடுக்கக் கூடாது. பின் எண்ணைக் கேட்டால், என் கையிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம், வேறெதற்கும் இல்லை. வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க உறுதிப்படுத்தும் எண்ணை யார் கேட்டாலும், நீயே கேட்டதாகச் செய்தி வந்தாலும், கொடுக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிறவனைப் போலவே எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்கிறவனும் கேள்வியைப் படிக்காதவன்தான். நான் மூன்று நாள் அப்படித்தான் இருந்தேன்.

பேட்டரி சேமிப்பில் அந்த அழைப்புச் செயலி தூங்கிவிடாமல் அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார். அறிவிப்பையும் திறந்துவிட்டார். இனி திரை அணைந்திருந்தாலும் மணி அடிக்கும்.

அந்த 4,200 ரூபாய் மறுநாளே தானாகக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. அதற்கு விதி இருக்கிறது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் கழிந்தும் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2019-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உன் மாமியாருக்கும் சொல்லிவை: வட்டம் சுற்றினால் உடனே இரண்டாம் முறை அனுப்பக் கூடாது. முதலில் வங்கி இருப்பைப் பார்க்க வேண்டும். செயலியில் அந்தப் பணப்பரிமாற்றத்துக்குள் போனால் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், புகார் சொல்ல அது போதும். உதவி எண்ணைப் பாஸ்புக்கிலோ அட்டையின் பின்புறத்திலோ பார்க்க வேண்டும், தேடக் கூடாது. உண்மையிலேயே பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிட வேண்டும்.

அம்மாவின் மருந்துக்கு அங்கிருந்தே நேராக மருந்துக்கடைக்குக் கட்ட முடியுமா என்று கேட்டிருந்தாய். 2023 முதல் அமீரகம் உட்படச் சில நாட்டு அலைபேசி எண்களோடு, வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளை யுபிஐயில் இணைக்க வழி செய்திருக்கிறார்கள். உன் வங்கி அதைச் செய்துதருகிறதா என்று கேட்டுப் பார். ஆனால் இங்குள்ள உன் சிம்மை விட்டுவிடாதே, வங்கிச் செய்திகள் அதற்குத்தான் வருகின்றன. 90 நாள் தொடாமல் கிடந்தால் அந்த எண் கை நழுவிப் போகலாம். ரீசார்ஜை நான் இங்கிருந்து செய்கிறேன்.

உன்னிடம் கேட்பது இரண்டு. தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட வேண்டி வந்தால், முதலில் அதே எண்ணிலிருந்து சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்பு. அதில் அம்மா உன்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயரை மட்டும் எழுது. அது நம் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அடுத்த முறை ஊருக்கு வரும்போது என் கையிலிருந்து அலைபேசியை வாங்கி நீயே சரி செய்து தராதே. பக்கத்தில் உட்கார்ந்து சொல், நான் அழுத்துகிறேன். நீ செய்து தந்ததெல்லாம் நீ விமானம் ஏறியதும் எனக்கு மறந்துபோயிற்று, நானே அழுத்தியது மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான். உங்களுக்கு மாலை ஏழு, எங்களுக்கு எட்டரை. நான் வீட்டில் தமிழ்நாட்டு டவருக்குள் உட்கார்ந்திருப்பேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிடு. பல் முளைத்துவிட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள், காட்டு.

அன்புடன்,
அப்பா