அந்த இரண்டு பாடவேளைகளைத் திருப்பித் தாருங்கள்

கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், மறைமாவட்டக் கல்விக் குழுவினருக்கும் நன்னெறி, மறைக்கல்வி ஆசிரியர்கள் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, கல்விக் குழுவினரே,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் வந்த சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறோம். 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் நன்னெறிக்கும், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமயப் பாடமாகிய மறைக்கல்விக்கும் இருந்த வாரம் இரண்டு பாடவேளைகளும் இனிச் சிறுதேர்வுகளுக்கு என்று அதில் இருந்தது. அது ஏன் வந்தது, எந்தக் கூட்டத்தில் முடிவானது, மார்ச் தேர்வில் எத்தனை பேர் தவறியதால் இந்த அவசரம் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைத் திரும்பப் பேசி என்ன ஆகப்போகிறது? நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு பாடவேளைகளைத் திருப்பித் தாருங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. அதில் எங்களுக்கு 2. தேர்வு, விழா, விடுமுறை எல்லாம் போக ஆண்டில் 30 வாரம் உருப்படியாக வகுப்பு நடக்கும். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால் மொத்தம் 40 மணி நேரம். பத்தாம் வகுப்பின் ஐந்து பாடங்களுக்கும் இதைப் பங்கிட்டால் ஒரு பாடத்துக்கு 8 மணி நேரம் கிடைக்கும், ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து. காலை எட்டு மணிச் சிறப்பு வகுப்பும் மாலை ஐந்தரை வரை சிறப்பு வகுப்புமாக அதே பிள்ளைகள் ஏற்கெனவே வாரம் 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 மணி நேரம் கூடுதலாக உட்காருகிறார்கள். அந்த 300 மணி நேரத்தில் தேறாத பிள்ளையை இந்த 8 மணி நேரம் தேற்றிவிடும் என்று கணித ஆசிரியர்களே நம்பவில்லை. அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இழந்தது என்ன என்பதை ஒரு பெட்டியைக் கொண்டு சொல்கிறோம். நன்னெறி வகுப்பு நடந்த பள்ளிகள் பலவற்றில் கேள்விப் பெட்டி உண்டு. வகுப்புக்குள் வந்து பார்த்திராதவர்களுக்காக அது நடக்கும் விதத்தையும் எழுதிவிடுகிறோம். நோட்டுத் தாளை நான்காகக் கிழித்து எல்லாருக்கும் ஒரே அளவில் ஒரு துண்டு. எல்லாரும் நீல மை. பெயர் வேண்டாம். கேட்க எதுவும் இல்லாதவரும் 'கேள்வி இல்லை' என்று எழுதி மடித்துப் போட்டே ஆகவேண்டும். இந்த விதியை விட்டால் பெட்டி வைத்ததே வீண். எழுதுகிற நான்கு பேரை எழுதாத நாற்பது பேரும் பார்த்துவிடுவார்கள். அடுத்த வாரம் அந்த நான்கு பேரும் எழுத மாட்டார்கள். சீட்டுகளை வகுப்பில் வைத்துப் பிரிக்கக் கூடாது. கையெழுத்தைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆசிரியர் தனியே, அன்றைக்கே, வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும்.

படித்தால் மூன்று வகையாகப் பிரியும். 'பிரெண்டு காப்பி அடிச்சான், காட்டிக் கொடுக்கணுமா?', 'சாமியே இல்லைன்னு தோணுது, அது பாவமா?' என்பவை முதல் வகை. அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகப் பேசலாம். 'அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார், ராத்திரி படிக்க முடியல' என்பது இரண்டாம் வகை. இதை வகுப்பில் வாசிக்கவே கூடாது. சீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், 'வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நூலகத்தில் இருப்பேன், யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று மட்டும் அறிவிக்க வேண்டும். முதல் வியாழன் யாரும் வரமாட்டார்கள். மூன்றாவது வியாழன் ஒரு பிள்ளை ஏதோ ஒரு புத்தகம் கேட்கிற சாக்கில் வந்து நிற்கும். அதற்குத்தான் ஆசிரியர் ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகையில் ஒரே வரிதான் இருக்கும்: 'ஒருத்தர் என்னைத் தொடுறார், யார்கிட்ட சொல்ல?' இதற்கு அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு, குற்றம் நடப்பதாகத் தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குச் சொல்லியே தீரவேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. பெயர் இல்லாத சீட்டுதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அன்றே தலைமையாசிரியருக்குச் சொல்லி, மறுநாளே எந்த வகுப்பையும் குறிவைக்காமல் எல்லா வகுப்புகளிலும் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 ஆகியவற்றைப் பற்றியும், யாரிடம் சொல்லலாம், சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியும் பேசினால், எழுதிய பிள்ளை தானே முன்வரும் வாய்ப்பு உண்டு.

இன்று வகுப்பு இல்லை. பெட்டி மட்டும் மாடிப்படி அருகே மாட்டியபடி இருக்கிறது. பிள்ளைகள் பழக்கத்தில் இன்னும் சீட்டு போடுகிறார்கள். எங்களில் சிலர் மாலையில் தாமாகத் திறந்து படிக்கிறோம். படித்ததற்குப் பதில் சொல்ல நேரமும் இல்லை, வகுப்பும் இல்லை. சில பள்ளிகளில் சாவி அலுவலகத்துக்குப் போய்விட்டது, திறக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. மூன்றாம் வகைச் சீட்டு ஒன்று அதற்குள் நான்கு வாரம் கிடந்தால் யார் பதில் சொல்வது? சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர்களிடம் இந்த ஒரு கேள்விக்காவது எழுத்தில் விடை கேட்கிறோம்.

இன்னொன்று, சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, எந்தப் பள்ளியும் 'இது எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிட முடியாது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. நம் பள்ளிகளிலும் கயிறுகளை வெட்டினார்கள். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். அடுத்த வாரம் அதே நிறம் கணுக்காலுக்கு இறங்கியது, சைக்கிள் ஸ்டிக்கருக்கு ஏறியது. வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்தக் கயிற்றை ஏன் கட்டுகிறான் என்று அவனையே யோசிக்கவைக்க ஆறு வாரம் வேண்டும்.

அந்த ஆறு வாரத்துக்கு நம் திருச்சபையிலேயே முறை இருக்கிறது. பெல்ஜியத்துக் குருவான ஜோசப் கார்டைன் இளந்தொழிலாளர்களிடையே வளர்த்தெடுத்தது, 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் இளையோருக்குப் பரிந்துரைத்தது, இளம் மாணவர் இயக்கத்தார் இன்றும் கையாளுவது: பார்த்தல், சீர்தூக்கல், செயல்படல். ஒன்பதாம் வகுப்பில் மதிய உணவு வேளையைக் கொண்டு இதைச் செய்யலாம். முதல் வாரம் பிள்ளைகள் மூன்று நாள் கவனித்து, வராந்தாவில் யார் எங்கே, யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று வட்டம் வட்டமாக வரைபடம் போடுவார்கள். பெயர் எழுதக் கூடாது, சாதிப் பெயர் வாயில் வரவே கூடாது. இரண்டாம் வாரம் வரைபடங்களை ஒட்டிவைத்து ஒரே கேள்வி: இந்த வட்டங்கள் எப்படி அமைந்தன? 'ஒரே பஸ்', 'ஒரே தெரு' என்று தொடங்குவார்கள். தெரு என்ற சொல் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இடத்தில் ஆசிரியர் பேச்சை நிரப்பக் கூடாது. அவசரப்பட்டு அவரே சாதி என்று சொல்லி, ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டால் போதும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மதியம் வகுப்பறையை விட்டு வெளியே வராது. மூன்றாம் வாரம் அவர்களே செயல் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் குலுக்கல் முறையில் இடம் மாறுவது வரும். பத்து நாளைக்கு ஒரு முறை குலுக்கல், வட்டத்துக்கு ஆறு பேர். பிறகு வாரந்தோறும் ஐந்து நிமிடம் 'எப்படிப் போனது' என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் மூன்றே வாரத்தில் பழைய வட்டம் திரும்பிவிடும். இப்போது அப்படித்தான் திரும்பியிருக்கிறது. தொடங்கிய வகுப்புகளில் கேட்க ஆள் இல்லை.

இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டது. 2024இல், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்கச் சொல்லியும், பிற சமயப் பிள்ளைகள் மீது நம் மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்றும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வந்தது. இரண்டும் அருமையானவை. முகப்புரையைப் பிள்ளைகள் தினமும் வாசிக்கிறார்கள். அதில் வரும் சகோதரத்துவம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வாரத்தில் ஒரு பாடவேளைகூட இல்லை என்பதே எங்கள் வருத்தம்.

நன்னெறி வகுப்பே சரியாக நடக்கவில்லை என்ற குறையும் காதில் விழுகிறது. உண்மைதான், மறுக்கவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போனதும் மிச்சமுள்ள இரண்டு பிரிவுப் பிள்ளைகள் 90 பேரை ஒரே கூடத்தில் அடைத்து, உடற்கல்வி ஆசிரியரைக் காவலுக்கு வைத்தால் எதுவும் நடக்காது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வைத்தாலும் நடக்காது. நேர்மை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டால், பிள்ளைகள் அந்த விடையைப் பார்த்து எழுதுவார்கள். மதிப்பெண் உள்ள இடத்தில் அது நடக்கும். குறை இருக்கிறதென்றால் திருத்த வேண்டும். வகுப்பையே எடுத்துவிட்டது எந்த வகையில் திருத்தம்?

மனம் பொறுக்காமல் இதையும் சொல்கிறோம். பிள்ளையின் ஒழுக்கத்தை வளர்ப்பது எங்கள் 40 மணி நேரம் மட்டும் அல்ல. பள்ளி நடக்கும் விதமும்தான். கட்டணம் கட்டாதவர் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கும்போது 1,200 பிள்ளைகள் ஒரு பாடம் கற்கிறார்கள். மதிப்பெண்படி 'ஏ' பிரிவு, 'டி' பிரிவு என்று பிரிக்கும்போது இன்னொன்று. நூறு விழுக்காடு என்ற பேனருக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து, 'வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டிசி வாங்கவைக்கும்போது, அந்தப் பிள்ளையோடு ஆறு ஆண்டு ஒரே பெஞ்சில் இருந்தவன் கற்கும் பாடத்தை எந்த மறையுரையாலும் அழிக்க முடியாது. ஏழைகளுக்கும் விளிம்பில் இருப்பவர்களுக்கும் முன்னுரிமை என்று 2007ஆம் ஆண்டின் அகில இந்தியக் கத்தோலிக்கக் கல்விக் கொள்கை சொல்கிறது. டிசி வாங்கிப் போகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தாங்கள்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பதிவேடு காட்டப்படுவதில்லை.

கோபத்தில் மடல் வேறு பக்கம் போய்விட்டது. பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததைத் தாழ்மையோடு மீண்டும் கேட்கிறோம்: அந்த இரண்டு பாடவேளைகளைத் திருப்பித் தாருங்கள்.

தரும்போது சிலவற்றைச் சேர்த்துச் செய்துதர வேண்டுகிறோம். செவ்வாய், வியாழன் காலையில், மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையாக இருக்கட்டும். இரண்டில் ஒன்று எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் நன்னெறி வகுப்பாக இருக்கட்டும். மற்றதில் கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி. மறைக்கல்வியில் சேர விரும்பும் பிற சமயப் பிள்ளை இருந்தால், அரசியலமைப்பின் 28(3) பிரிவு கேட்கிற பெற்றோரின் சம்மதத்தை எழுத்திலேயே வாங்கிவிடுவோம், வாய்ச்சொல் போதாது. ஓர் அறைக்கு 45 பேருக்கு மேல் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் எடுக்கும் ஆசிரியரே பன்னிரண்டு வரை கூட வரட்டும். பிள்ளை வாய் திறக்க ஓர் ஆண்டு ஆகும், ஆண்டுதோறும் ஆளை மாற்றினால் ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆண்டுதான். மதிப்பெண் வேண்டாம். மே மாதத்தில் ஐந்து நாள் பயிற்சி கொடுங்கள், அதில் ஒரு நாள் முழுக்கப் போக்சோ சட்டத்துக்கு. விடுமுறை நாள் என்று நாங்கள் தயங்க மாட்டோம். பாட ஆசிரியர் வராத நாளில் எங்கள் வகுப்பைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று சுற்றறிக்கையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பழையபடி ஆகிவிடும்.

'சிஸ்டர் ஸ்கூல்ல சேர்த்தா பிள்ளை ஒழுக்கமா வளரும்' என்று சொல்லிக்கொண்டு விண்ணப்பம் வாங்க விடியற்காலையில் வாசலில் நிற்கிற தாய்மார்களைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கர் இல்லை. தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவர்கள் ஊரில் வேறு பள்ளிகள் இருக்கின்றன. அவர்கள் கேட்டு வந்தது எதுவோ அதற்கான பாடவேளையைத்தான் நாம் எடுத்திருக்கிறோம்.

காலாண்டுத் தேர்வுக்கு முன், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள், திருத்திய கால அட்டவணை ஆசிரியர் அறைக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை பெட்டியின் சாவியை மட்டுமாவது நாளையே எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நன்னெறி, மறைக்கல்வி ஆசிரியர்கள்