39 இலக்கப் பகா எண்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பின் நான் பழையபடி கணக்கு நோட்டும் பென்சிலுமாகவே இருக்கிறேன். ஆகையால், எவராலும் எண்ணி முடிக்க இயலாத ஓர் எண்ணைப் பகா எண் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இரண்டின் 127ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்:

170141183460469231731687303715884105727

இதன் கடைசி இலக்கம் 7 என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற இலக்கங்களில் மாறி மாறி முடிகின்றன. 127ஐ நான்கால் வகுத்தால் மீதி 3, எனவே முடிவிலக்கம் 8, அதில் ஒன்று குறைய 7. ஆனால் இது பகா எண்தானா என்பதை இவ்வளவு எளிதாக அறிய முடியாது. வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால், வினாடிக்குப் பத்து லட்சம் வகுத்தல் செய்தாலும் ஏறத்தாழ நான்கு லட்சம் ஆண்டுகள் ஆகும்.

இரண்டை எந்தெந்த அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி வெளியிட்ட பட்டியலில் 127 இடம்பெற்றிருந்தது. எனினும் அதை நிறுவியவர் 1876இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்தான். எந்தக் காரணியையும் தேடாமல் ஒரே செய்முறையைத் திரும்பத் திரும்பச் செய்து முடிவுக்கு வருவது அவருடைய வழி. பின்னாளில் லேமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் செம்மைப்படுத்திய வடிவில் அது மிக எளியது: 4இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் 7ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 127க்கு இதைச் செய்தால் 4, 14, 67, 42, 111, 0 என்று வருகிறது. தொடக்கத்து 4ஐ விட்டு எண்ணினால் ஐந்தாவது படியில் பூச்சியம் வந்துவிட்டதால் 127 பகா எண்; வராதிருந்தால் பகா எண் அன்று. அடுக்கில் இரண்டைக் குறைத்தால் வருவதே படிகளின் எண்ணிக்கை என்பதால், நம் பேரெண்ணுக்கு 125 படிகளே போதும். ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண்களை வர்க்கப்படுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் ஒரு மனிதர் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய வேலை அது. 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அறியப்படவில்லை.

என்னை இதைவிடவும் வியக்கவைப்பது இதன் மறுபக்கம். மெர்சென் 67ஐயும் பட்டியலில் சேர்த்திருந்தார். அந்த அடுக்குக்குரிய எண் பகா எண் அன்று என்பதையும் லூக்காவே காட்டினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! அது 193707721, 761838257287 ஆகிய இரண்டின் பெருக்குத்தொகை என்பதை 1903இல்தான் கோல் என்பவர் கண்டறிந்தார். ஓர் எண் பிளவுபடும் என்று அறிவதும், எங்கே பிளவுபடுகிறது என்று அறிவதும் முற்றிலும் வெவ்வேறு வேலைகள் என்பதை எனக்கு உணர்த்தியது இந்த 27 ஆண்டு இடைவெளிதான்.

கண்ணுக்கு அதிகச் சிரமம் தராத கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். இரண்டின் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 8191க்கு இதே முறையைச் செய்துபாருங்கள். பதினோராவது படியில் பூச்சியம் வரும். அதற்கு முந்தைய படியில் 128 நிற்கும். அதன் வர்க்கம் 16384. இரண்டைக் கழித்தால் சரியாக 8191இன் இரு மடங்கு. நம் 39 இலக்க எண்ணிலும் பூச்சியத்துக்கு முந்தைய படியில் இரண்டின் 64ஆம் அடுக்கோ, அதை அந்த எண்ணிலிருந்து கழித்தால் கிடைப்பதோதான் நின்றாக வேண்டும். ஏன் என்று நீங்களே கண்டுபிடித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்