மதிலுக்கு வெளியே புதைத்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள், மோட்சமும் இல்லாத நரக வேதனையும் இல்லாத லிம்போ என்ற இடத்துக்குப் போவார்கள் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் இருந்ததில்லை என்று கல்லறைத் திருநாள் கட்டுரையில் குருவானவர் ஒருவர் எழுதியிருந்தார். ஏட்டளவில் சரிதான். நான் கோவிலை விட்டு விலகி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் சின்ன வயதில் உருப்போட்டதையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. பலவற்றைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். லிம்போவுக்கு மட்டும் கோபம் வருகிறது.

கோட்பாடு இல்லை, சரி. சட்டம் இருந்ததே? 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 1239-ஆம் பிரிவு: ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. என் ஆச்சியின் தலைச்சன் பிள்ளை பிறந்த மறுநாளே இறந்துபோனது. ஆபத்தான நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது ஞானோபதேசத்தில் படித்ததுதான். அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, உடைமரத்தடியில் குழி வெட்டினார்கள். சிலுவை வைக்கவில்லை. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். ஆச்சி எங்கள் கல்லறையில் மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, ஒன்றை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவாள். தாத்தா தடுத்ததில்லை, கூடப் போனதும் இல்லை.

ஜென்ம பாவம் கழுவப்படாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார் பழங்கால இறையியல் அறிஞரான புனித அகுஸ்தீனார். அது மனசுக்கு ஒப்பாமல்தான் பின்னால் வந்தவர்கள் வேதனையும் இல்லாத, கடவுளின் முகமும் தெரியாத இந்த லிம்போவை வகுத்தார்கள். தாமஸ் அக்வினாஸ் அங்கே இயற்கையான ஒருவித மகிழ்ச்சிக்கும் இடம் கொடுத்தார். பெரிய மனசு!

1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால் ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்று வந்தது. 2007-இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, 16-ஆம் பெனடிக்ட் பாப்பரசரின் ஒப்புதலோடு, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என நம்பக் காரணங்கள் உண்டு என்று எழுதியது. நம்பிக்கைதானாம், உறுதி இல்லையாம். போகட்டும். அதையாவது எங்கள் ஊரில் பிரசங்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆச்சி சாகும்வரை எந்தச் சாமியாரும் வீடு தேடி வந்து, "உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் இப்போது வேறு மாதிரி பேசுகிறோம்" என்று சொல்லவில்லை.

கட்டுரை எழுதிய குருவானவரிடம் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். வருகிற கல்லறைத் திருநாளில் தீர்த்தச் செம்போடு மதிலுக்கு வெளியேயும் நாலு எட்டு போய் வாருங்கள். எந்த இடம் என்று தெரியாவிட்டால் ஊர்க் கிழவிகளைக் கேளுங்கள், காட்டுவார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
தூத்துக்குடி